நிறுவனரைச் சங்கத்தில் சேர்த்தது

ஹோசியா பெட்டிகுரூ மிசிசிப்பியிலிருந்து ரயிலேறி டென்னஸிக்கு வந்தது, லியாண்டர் புரூயிட்டை அடக்கம் செய்ய. வெள்ளைக்காரர் கல்லூரிகளில் கறுப்பரான நம் பிள்ளைகளுக்கு இடமில்லாத காலத்தில், கார்வெல் கல்லூரியில் இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். 1911-இல் அங்கே ஒரு சகோதர சங்கத்தையும் தொடங்கினார்கள். அதற்கு மூன்று கிரேக்க எழுத்துகளில் பெயர். அதில் ஓர் எழுத்தைத் தலைகீழாக எழுதிவிட்டது பிற்பாடுதான் தெரிந்தது. அதற்குள் பேட்ஜ் அடித்தாகிவிட்டது.

பிறகு பெட்டிகுரூ ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் நடத்தி, தலைமையாசிரியராகி, மணி அடித்த பின் வந்தவன் எவனாக இருந்தாலும் வெளியே நிறுத்திப் பெயர் வாங்கினார். லியாண்டர் பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு அதே ஊரில் தபால்காரரானார். பட்டம் வாங்கிய நம் ஆட்களுக்கு அன்று தபால் இலாகா பெரிய உத்தியோகம்.

சங்கத்தில் ஒருவர் இறந்தால், உறுப்பினர்கள் வெள்ளைக் கையுறை போட்டுச் சவப்பெட்டியைச் சுற்றிக் கை கோத்து நிற்பார்கள். ஒருவர் வழியனுப்பும் விடைச்சொல் சொல்வார். அவர் சொன்னதை மற்றவர்கள் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். தனக்கு அதை ஹோசியாதான் சொல்ல வேண்டும் என்று லியாண்டர் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

புதன்கிழமை, சங்கத்தின் மாணவர் தலைவன் வெண்டல் துக்க வீட்டுக்கு வந்தான். அண்டை வீட்டார் கொண்டுவந்து குவித்த பொரித்த கோழிக்கும் சோளரொட்டிக்கும் நடுவே பெட்டிகுரூ உட்கார்ந்திருந்தார். பையன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, வட்டத்துல, சங்கத்துல சேர்ந்த வரிசைப்படி நிக்கணும். உங்க எண் என்னன்னு தேடினேன். எண் இல்லீங்க."

"நான் ஆரம்பிச்ச சங்கம், தம்பி."

"ஆமாங்க ஐயா. ஆரம்பிச்சீங்க. சேரல."

பெட்டிகுரூ யோசித்துப் பார்த்தார். பையன் சொன்னது சரி. முதல் சேர்க்கைச் சடங்கு நடந்தபோது அவர் பொன்னுக்கு வீங்கியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். படுத்தபடியே விதிகள் எல்லாவற்றையும் எழுதி அனுப்பியதோடு சரி, தன்னைச் சேர்த்துக்கொள்ள மறந்துபோனார். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. நிறுவனரைப் பார்த்து நீ உறுப்பினரா என்று எவன் கேட்பான்?

"சேராதவங்க வட்டத்துல நிக்கக் கூடாது, எவருக்கும் விலக்கில்லைன்னு விதி இருக்குங்க" என்றான் வெண்டல். "ஆனா நீங்க ஒரு வார்த்தை சொன்னா…"

"நான் சொல்ல மாட்டேன். காய்ச்சல்ல எழுதினாலும் சரியாத்தான் எழுதியிருக்கேன். சனிக்கிழமைக்குள்ள சேர முடியுமா?"

"வேகமாப் பண்ணினா முடியுங்க."

"எங்க வரணும்?"

"காலைல காலேஜுக்குங்க. லேட்டாகக் கூடாது" என்று வெண்டல் கொஞ்சம் நெளிந்தான். "எங்கப்பா உங்ககிட்ட படிச்சவருங்க. லேட்டா வந்தார்னு பட்டமளிப்புல உக்கார விடாம அனுப்பிட்டீங்களாம்."

"அனுப்பியிருப்பேன்" என்றார் பெட்டிகுரூ.

மறுநாள் காலை கல்லூரி வளாகத்தில் முதலாண்டு மாணவர்கள் மூன்று பேருக்குப் பின்னால், அறுபத்தேழு வயதில், புதிதாகச் சேருபவர்கள் போட வேண்டிய கம்பளிக் குல்லாயோடும் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட செங்கல்லோடும் அவர் வரிசையில் நடந்தார். சேரவிருப்பவன் உறுப்பினர்களைப் பெரியண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் கூப்பிட்டார். கூப்பிடப்பட்ட பையன்களுக்குத்தான் வேர்த்தது.

"ஐயா, புதுசா சேர்றவங்களுக்குப் போடற மரக்கட்டை அடிய விட்டுடலாமாங்க?" என்று வெண்டல் காதோடு கேட்டான்.

"விதியில இருக்கா, பெரியண்ணா?"

"இல்லீங்க. பின்னாடி யாரோ சேத்தது."

"அப்ப வேண்டாம்."

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, சங்க வரலாறு வரும் வரை. அது எழுத்தில் கிடையாது. உறுப்பினர் வாயிலிருந்து சேரவிருப்பவன் காதுக்கு மட்டும் போவது. ஆகவே தான் தொடங்கிய சங்கத்தின் வரலாற்றைப் பெட்டிகுரூ அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார். வெண்டல் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான். புயல் இரவாம். ஓக் மரத்தடியாம். மின்னல் வெட்டியபோது ஹோசியா பெட்டிகுரூ எழுந்து, நாம் சகோதரர்களாவோம் என்றாராம். லியாண்டர் புரூயிட் இரண்டாவதாகக் கை கொடுத்தாராம்.

"இத யார் சொன்னது?"

"புரூயிட் ஐயாதாங்க. வருஷா வருஷம் அவர்தான் வந்து சொல்லிக்குடுப்பார். நாளைக்குப் பரீட்சைல முதல் கேள்வியே இதுதான். தப்பாச் சொன்னா சேர முடியாதுங்க."

நடந்தது வேறு. கல்லூரி இலக்கிய மன்றம் டாக்டர் பிள்ளைகளையும் போதகர் பிள்ளைகளையும்தான் எடுக்கும். இவர்கள் இருவரையும் எடுக்கவில்லை. விடுதியின் துணி துவைக்கும் அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே லியாண்டர் சொன்னார்: "நாமளும் ஒண்ணு ஆரம்பிச்சு அவனுகள சேர்க்காம இருப்போம்டா." ஹோசியா சொன்னது, "வேண்டாம்டா, படிப்பு கெட்டுடும்." லியாண்டர் அவரை விடாமல் நச்சரித்துத்தான் காரியம் நடந்தது. மரமும் இல்லை, மின்னலும் இல்லை.

அன்று மாலை குல்லாயைக் கழற்றாமலே போய் ஓசெல்லாவிடம் கேட்டார். லியாண்டரின் மனைவி அவள். கறுப்பு உடைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் தங்கச்சி இப்படிப் பண்ணினான்?"

"தபால்காரன் ஆரம்பிச்சான்னு சொன்னா எவன் வந்து சேருவான், பிரின்சிபால்? பெரிய படிப்பாளி ஆரம்பிச்சாருன்னாத்தான் வருவாங்கன்னாரு. மின்னல் மட்டும் என் யோசனை."

"நாளைக்கு நான்தான்னு என் வாயாலேயே சொல்லணும். இல்லைன்னா சனிக்கிழமை அவன் பக்கத்துல நிக்க முடியாது."

"சொல்லிட்டுப் போங்க. அவர் மெனக்கெட்டுக் கட்டினது. நீங்க வந்து இடிக்காதீங்க."

அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. அவருக்கு அப்படி இல்லை. பரீட்சையில் தெரிந்தே தப்பான விடை சொன்னவர் இல்லை அவர். அதிலும் இது செத்துக் கிடக்கிற நண்பனுடையதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்வது. உண்மையைச் சொன்னாலோ, கடைசியாகக் கேட்ட ஒன்றையும் செய்யாமல் அவனை அனுப்ப வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் பரீட்சை.

"சங்கத்தை முதலில் எண்ணியவர் யார்?" என்று வெண்டல் கேட்டான்.

பெட்டிகுரூ கழுத்துச் செங்கல்லின் கயிற்றைத் தடவிக்கொண்டே நின்றார். பக்கத்தில் நின்ற முதலாண்டுப் பையன், கிழவருக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு, "நீங்கதான் தாத்தா" என்று கிசுகிசுத்தான்.

"ஹோசியா பெட்டிகுரூ" என்றார் அவர். முழு மதிப்பெண் கிடைத்தது. சாயங்காலமே சடங்கு முடிந்து, எண்ணும் தந்தார்கள். வரிசையில் அவர்தான் கடைசி.

சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் சங்கத்தார் கை கோத்து நின்றார்கள். ஓசெல்லாவும் சொந்தக்காரர்களும் வட்டத்துக்கு வெளியே நின்றார்கள். பெட்டிகுரூ கையுறையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார்.

"இங்கே நம் சகோதரர் லியாண்டர் புரூயிட் உறங்குகிறார்."

வட்டம் திருப்பிச் சொன்னது.

சங்க வரலாற்றின்படி அடுத்த வரி, நிறுவனர்களில் இரண்டாமவர் என்பது. பெட்டிகுரூ சவப்பெட்டியைப் பார்த்தார்.

"நிறுவனர்களில் முதலாமவர்" என்றார்.

வட்டத்தில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "இரண்டாமவருங்க ஐயா" என்று வெண்டல் மெல்ல எடுத்துக்கொடுத்தான்.

"முதலாமவர்" என்றார் பெட்டிகுரூ, வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும் குரலில்.

சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்றுதான் அவர்களைப் பழக்கியிருந்தார்கள். பல்மருத்துவர்கள், போதகர்கள், மாணவர்கள் எல்லாரும் ஒரே குரலில், நிறுவனர்களில் முதலாமவர் என்றார்கள்.

வெண்டலும் சொன்னான். சொல்லிவிட்டு, முகம் வாடிப்போய் அவர் பக்கம் குனிந்தான். "ஐயா, சடங்குச் சொல்ல மாத்தினா உடனே வெளியேறணும்னு விதியில இருக்குங்க."

"இருக்கு. போறேன். விலக்கு கேக்கல."

"பாட்டு இன்னும் பாடலீங்க."

"நீங்க பாடுங்க."

கையுறைகளைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். கோத்திருந்த கைகள் அவருக்கு வழிவிட்டு மறுபடி சேர்ந்துகொண்டன. ஓசெல்லா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"என்ன பிரின்சிபால், ஒரு நாள்தான் தாங்கினீங்களா?"

"ஒரு நாள்தான்."

"அவர் இருந்திருந்தா இப்படி மாத்த விட்டிருக்க மாட்டார்."

"அவன்கிட்ட எங்க கேட்டேன்" என்றார் பெட்டிகுரூ.

உள்ளே பாட ஆரம்பித்தார்கள். வெளியே நிற்பவர்கள் அந்தப் பாட்டைப் பாடக் கூடாது. அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டு, கன்னம் நனைய, கடைசிச் சரணம் வரை நின்று கேட்டார்.