கேதீஸ்வரியின் எலும்புக்கரி

மாட்டெலும்பு மூட்டைகள் இரண்டும் சாயக்கொட்டிலில் வந்திறங்கி ஒரு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் ஊர் அவற்றை மனித எலும்பாக்கிவிட்டது. யுத்தம் முடிந்து ஒரு வருடம். சுனாமியில் போனவர்களையும், பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களையும் இன்னும் தேடி முடியாத ஊரில் எலும்பென்றால் வேறு எதை நினைப்பார்கள்?

கேதீஸ்வரிக்கு எரிச்சல்தான் வந்தது. நான்கு பெண்கள் நூலுக்குச் சாயம் போட்டுப் பிழைக்கும் கொட்டில் அது. சிவப்புத் தண்ணீர் வாவிக்குள் இறங்கி இறால் அற்றுப்போயிற்று, வெள்ளிக்கிழமைக்குள் மூடு என்று மீனவர் சங்கத் தலைவர் நல்லரத்தினம் சொல்லிப் போயிருந்தார். அதில் பொய்யில்லை என்பதுதான் அவளைக் கூடுதலாகச் சுட்டது. வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கும் பிள்ளையொன்று வழி சொன்னது: எலும்பைக் காற்றுப் புகாத தகரத்தில் அடைத்து உமி நெருப்பில் சுட்டு, கரியை இடித்து, அதனூடாகத் தண்ணீரை விட்டால் சாயம் கரியிலேயே தங்கிவிடும். முனாபின் இறைச்சிக்கடையில் எலும்பு சும்மா கிடைத்தது. முன்னமே கொஞ்ச எலும்பில் சுட்ட முதல் சூளைக் கரி பீப்பாயில் தயாராக இருந்தது.

விடிந்ததும் அன்னப்பூரணி வந்து நின்றாள். நான்கு வருடமாக மகனைத் தேடுகிறவள்.

“சாக்க அவிழ் புள்ள. நான் பாக்கோணும்.”

“மாட்டெலும்புதான் அக்கா.”

“நீ சொன்னாக் காணாது, என்ட கண்ணால பாக்கோணும்.”

கேதீஸ்வரி அவிழ்த்தாள். அன்னப்பூரணி குந்தியிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தாடை, விலா, முழங்கால். இவள் எதைக் காண விரும்புகிறாள் என்று கேட்கக் கேதீஸ்வரிக்குத் துணிவில்லை.

அதற்குள் நல்லரத்தினம் ஆட்களோடு வந்துவிட்டார்.

“இப்ப எலும்பு வேலயும் தொடங்கிட்டியா? இண்டைக்கே மூடு!”

“மாடுதான்,” என்றாள் அன்னப்பூரணி நிமிராமலே. “நான் பாத்திட்டன். இதுக்குள்ள என்ட புள்ள இல்ல.”

கேதீஸ்வரி சிவப்புத் தண்ணீர் வாளியைத் தூக்கிப் பீப்பாய்க்குள் ஊற்றினாள். அடிக்குழாயில் கறுப்பாக வந்தது. ஒருவன் சிரித்தான்.

“கரி இன்னும் கழுவுப்படல்ல. நில்லுங்க,” என்றாள் கேதீஸ்வரி.

இரண்டாவது வாளி மங்கலாக வந்தது. மூன்றாவது கிணற்றுத் தண்ணீராக வந்தது. நல்லரத்தினம் கையில் ஏந்தி மோந்து பார்த்தார்.

“மூணு வாளிக்குச் சரி. கரியில சாயம் நிரம்பினா மறுகா என்ன செய்வாய்?”

“மறுகாவும் புதுக் கரி சுடுவன். வாவிக்குள்ள ஒரு சொட்டுச் சிவப்பு வந்தா நீங்களே வந்து பூட்டுங்க. வராட்டி வெள்ளிக்கிழமையும் சாயம் போடுவன், அடுத்த வெள்ளியும் போடுவன்!”

அவர் போகவில்லை; பீப்பாயடியிலேயே நின்றார்.

அன்னப்பூரணி வெறும் தகரமொன்றை இழுத்து எலும்புகளை அதற்குள் வைக்கத் தொடங்கினாள். எறியவில்லை. பிள்ளையைப் படுக்க வைப்பதுபோல ஒவ்வொன்றாக வைத்தாள். பிறகு மூடியைக் கல்லால் அடித்து இறுக்கினாள்.

“நெருப்ப வை புள்ள,” என்றாள்.