இடது ஓரத்து மெத்தை

காலை ஆறு மணிக்கே புல் சூடாக இருந்தது. இரும்பு வண்டிக்குச் சக்கரம் கிடையாது. முகப்பில் ஐந்து மெத்தைகள், ஐந்து பேருக்கு. குனிந்து, தோளைக் கொடுத்து, மைதானத்தின் மறுகோடிவரை தள்ள வேண்டும். மேலே பயிற்சியாளர் ப்ரென்ட் எங்களைப் பார்த்து நிற்பார். அவர் எடையையும் சேர்த்துத்தான்.

அமெரிக்கக் கால்பந்தில், பந்தோடு நிற்பவனை எதிரணி நெருங்காமல் உடம்பால் தடுப்பது எங்கள் ஐவரின் வேலை. பத்திரிகையில் அவன் பெயர் வரும்.

அன்று நால்வர்தான். இடது ஓரத்து மெத்தை காலி. அது போய்கினுடையது. எட்டு வருடமாக அவனுக்கு அடுத்த மெத்தை என்னுடையது.

ஓரம் காலியானால் வண்டி அந்தப் பக்கமே திரும்பும். திரும்பியது.

"நேராத் தள்ளுங்கடா!"

"நேராத்தான் தள்றோம், கோச். வண்டிக்குத்தான் போய்கின் ஞாபகம்," என்றான் நடுவில் தள்ளும் ஹாஸ்கல்.

போய்கின் இடப்பக்க வேலிக்கு வெளியே தன் காரில் சாய்ந்து நின்றான். உள்ளே வந்தால் மருத்துவர் முட்டியைப் பார்ப்பார். தேறாது என்று எழுதினால் ஒப்பந்தம் முடிந்தது. அந்த முட்டி போன டிசம்பரில் இதே அணிக்காக ஆடும்போது உடைந்தது. அவன் கேட்டது ஒரு வரி: முட்டி தேறாவிட்டாலும் இந்த வருடச் சம்பளம் உண்டு. அதை எழுதும்வரை வரமாட்டேன் என்றான். வராத ஒவ்வொரு நாளுக்கும் அபராதம்.

முந்தின நாள் வேலியோரம் ஐவரும் பேசி முடிவெடுத்திருந்தோம். அவன் மெத்தையில் யார் தோள் வைத்தாலும் நாங்கள் தள்ளுவதில்லை.

காலைச் சாப்பாட்டுக்கு முன் டில்மன் என்பவன் பையோடு வந்து இறங்கினான். டெக்ஸாஸில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். சாப்பாடு முடிந்ததும் முதலாளி கார்விக் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதலில் ஹாஸ்கல். இருபது நிமிடம். வெளியே வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உக்காருப்பா, ஸ்டான்," என்றார் கார்விக். "புதுசா வந்தவன் தோள் வச்சா நீங்க தள்ள மாட்டீங்களாமே?"

அது ஐந்து பேருக்குத்தான் தெரியும்.

"யார் சொன்னது?"

"யார் சொன்னா என்ன? இதப் பாரு."

மடித்த காகிதம் ஒன்றை நகர்த்தினார். மேல்பாதியில் அவர் உள்ளங்கை இருந்தது. கீழே போய்கினின் கையெழுத்து, உருண்டையாக, தெளிவாக.

"தனக்கு வேண்டியத வாங்கிட்டான். உங்களப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. வெளிய நிக்கிறதெல்லாம் சும்மா, பத்திரிகைக்காரங்களுக்கு."

"அப்ப உள்ள வரலாமே?"

"திங்கக்கிழம வருவான். நீ உன் வேலையப் பாரு. முப்பத்திரண்டு ஆச்சில்ல உனக்கு?"

மதியம் நால்வருக்கும் ஒரே மேசை, ஒரே பெரிய தட்டில் மாட்டிறைச்சி. மற்ற நாட்களில் கரண்டிக்கு அடிதடி நடக்கும். அன்று இறைச்சி ஆறிக்கொண்டிருந்தது.

"இருபது நிமிஷம் என்ன பேசுன?" என்றேன் ஹாஸ்கலிடம்.

"நீ என்ன பேசுனியோ அதான்."

"நான் ஒண்ணும் பேசல."

"அப்ப நானும் பேசல."

"சாப்பிடுங்கடா," என்றான் ப்ரூயிட்.

"உனக்குப் பசிக்கும். புது வீட்டுக்கு முன்பணம் கேட்டிருக்கியாமே?" என்றான் லோமாக்ஸ்.

ப்ரூயிட் கரண்டியை வைத்துவிட்டான்.

ஹாஸ்கல் உப்பை எடுத்தான். அவன் சுண்டுவிரல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தொழிலில் விரல் நேராக உள்ளவன் இல்லை. எனக்குப் போய்கினின் கை நினைவுக்கு வந்தது. முட்டி போன அதே ஆட்டத்தில் வலது கையில் மூன்று விரல்கள் நொறுங்கின.

"உனக்கும் கையெழுத்தக் காட்டுனாரா?"

"காட்டுனார்."

"உருண்டையா இருந்துச்சா?"

ஹாஸ்கல் உப்பைக் கீழே வைத்தான்.

"போன கிறிஸ்துமஸ் அட்டையில அவன் போட்ட கையெழுத்து எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"எறும்பு செத்துக் கெடக்குன்னு சொன்னா என் பொண்டாட்டி," என்றான் லோமாக்ஸ். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"பழைய ஒப்பந்தம்டா அது," என்றான் ப்ரூயிட்.

முதலாளியிடம் சொன்னது யார் என்று எவனும் கேட்கவில்லை. நால்வரில் ஒருவன். இறைச்சியைப் பங்கிட்டுத் தின்றோம்.

ஒவ்வொரு வருடமும் பயிற்சியின் முதல் நாள் மாலையில் கார்விக்கே வண்டியில் ஏறுவார், புகைப்படக்காரர்களுக்காக. ஏறினார். ப்ரென்ட் பக்கத்தில் நின்றார். டில்மன் இடது ஓரத்துக்கு வந்தான். நாங்கள் குனியவில்லை.

"என்னப்பா?" என்றார் கார்விக்.

டில்மன் என் பக்கம் சாய்ந்தான். "போய்கின் முட்டி நெஜமாவே இவங்க ஆட்டத்துலதான் போச்சா?"

"சத்தம் என் காதுல விழுந்துச்சு."

அவன் மெத்தையிலிருந்து கையை எடுத்தான். "எனக்கும் அந்தச் சம்பள வரிய எழுதித் தரல."

பிறகு பின்னால் போய் மண்டியிட்டான். "ஷூ நாடா அவுந்துடுச்சு, கோச்."

கட்டினான். அவிழ்த்தான். மறுபடி கட்டினான்.

நாங்கள் குனிந்தோம். நான்கு தோள்கள். வண்டி அசைந்து, இடது பக்கம் திரும்பியது. கார்விக் எங்களைப் பார்த்து நின்றதால் முதுகுக்குப் பின்னால் வேலி நெருங்குவது அவருக்குத் தெரியவில்லை.

"எங்கடா கொண்டுபோறீங்க?"

ஹாஸ்கலின் தோள் என் தோளில் இடித்தது. முதலாளியிடம் சொன்னது அவனா, தெரியாது. தள்ளிக்கொண்டிருந்தான்.

தலையைத் தூக்கினேன். போய்கின் காரை விட்டு வேலியருகே வந்திருந்தான். கம்பிவலையைப் பிடித்த வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை.

"இன்னும் இருபதடி," என்றான் ஹாஸ்கல். "தள்ளு."