மாவு உருண்டையில் ஒரு பிறை

“இது பாடமா, கதையா?”

ஷரீஃபுதீன் மாமா என்னை நிற்க வைத்துக் கேட்டார். என் நீல அட்டை நோட்டு அவர் கையில் இருந்தது. அதுவரை அவர் மகள் மும்தாஜைத் தவிர வேறு யாரும் அதைப் பார்த்ததில்லை. நான் தரையைப் பார்த்தேன்.

கஜா பெராங் தெருவில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அம்மா படுக்கையில் விழுந்ததும் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். வயதுக்கு வந்ததும் மும்தாஜை நிறுத்தினார்கள். வீட்டிலிருந்து படித்தே அவள் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதட்டும் என்று ரோஷன் பீவி மாமி ஒரு வருடம் மன்றாடினார். விண்ணப்பத் தாள் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் மாமா அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

அவர் வாங்கிக் கொடுத்த விஞ்ஞானப் புத்தகம் செங்கல் கனம். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் மும்தாஜ் அதையே தலைக்கு வைத்துத் தூங்கிவிடுவாள். மெர்டேக்கா என்று நாடு விடுதலையான பிறகு தோட்டத்துத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். அவர்கள் பங்களாக்களின் பழைய புத்தகங்கள் பொட்டலம் மடிக்க எங்கள் அப்பாவின் மளிகைக் கடைக்கு மூட்டையாக வந்தன. மடிப்பது என் வேலை. முதல் பக்கத்தில் ஒரு மனிதனோ பூச்சியோ எதையாவது செய்துகொண்டிருந்தால் அந்தப் புத்தகத்தை ஒதுக்கி வைப்பேன். விளக்கத்தில் தொடங்கினால் அது சீரகப் பொட்டலத்துக்கு. யாரிடமும் வாய் திறக்க எனக்குக் கூச்சம். ஆனால் எந்தப் புத்தகம் மும்தாஜை விழித்திருக்க வைக்கும் என்பதில் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. எடுத்ததைத் தமிழில் கதையாக்கி நோட்டில் எழுதிக் கொடுப்பேன். கரையான் தன் புற்றுக்குக் காற்று விட்ட கதை, கொதிக்கும் தேநீர்க் கெத்தலுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு துளித் தண்ணீரின் கதை என்று மூன்று நோட்டுகள் நிறைந்திருந்தன.

“வாயில கொழுக்கட்டையா புள்ள? கேட்டா பதில் சொல்லணும்” என்றார் மாமா.

“அவளை ஏன் மெரட்டுறீங்க? ஒங்க மகளைக் கேட்டுப் பாருங்களேன்” என்றார் மாமி, ரொட்டிக்கு மாவு பிசைந்தபடி.

மாமா நோட்டைப் புரட்டினார். “சரி மும்தாஜ், சொல்லு. பிறை எப்படி வருது?”

எனக்கு உயிர் வந்தது. நான் மிகவும் ரசித்து எழுதிய கதை அது. பூமி என்ற அக்கா நடுவில் வந்து நிற்க, அவள் நிழல் விழுந்து நிலாத் தங்கையின் முகம் மறையும்.

மும்தாஜ் என்னைப் பார்த்தாள். “அத்தா, சீதா எழுதுனது தப்பு.”

மாமா நோட்டைப் பட்டென்று மூடினார். “கேட்டியா ரோஷன்? கதைன்னு பார்த்தா, அதுவும் தப்பான கதை! இதுக்கு நான் கையெழுத்து வேற போடணுமா?”

“இருங்க அத்தா. பிறை பார்க்க வருசா வருசம் தெங்கேரா கடற்கரைக்குப் போறீங்களே, எந்தப் பக்கம் பார்ப்பீங்க?”

“இது என்ன கேள்வி? சூரியன் விழுந்த பக்கம்தான்.”

“பூமியோட நெழல் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தானே விழும்? பிறை சூரியன் பக்கத்துல நிக்கிறப்ப அது மேல எப்படி நெழல் விழும்?”

துரை வீட்டுப் பழைய பத்திரிகை ஒன்றில் இருந்த கிரகணப் படம் நினைவுக்கு வந்தது. அதைத்தான் நான் பிறைக்கு வைத்து எழுதியிருந்தேன்.

மும்தாஜ் தட்டிலிருந்து ஓர் உருண்டை மாவை எடுத்தாள். “அடியே, ரொட்டிக்குடி அது!” என்ற மாமியைக் கவனிக்காமல், மேற்கு ஜன்னலின் மாலை வெயிலுக்கு நேராக, சற்று விலக்கிப் பிடித்தாள். எங்கள் பக்கம் இருண்டிருந்த உருண்டையின் ஓரத்தில் மட்டும் மெல்லிய வெளிச்சக் கோடு வளைந்தது.

“நெழல் இல்ல அத்தா. வெளிச்சம் படுறது அந்தப் பக்கம். நமக்கு ஓரம் மட்டும்தான் தெரியுது.”

“இதை யாரு சொல்லிக் கொடுத்தா?”

“யாருமில்ல. அந்தத் தடிப் புத்தகத்துல இருந்திருந்தா மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருப்பேன். இவ கதையா எழுதினதால கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. அக்கா தப்பான எடத்துல நிக்கிறாளேன்னு ரெண்டு நாளா மண்டையக் கொடைஞ்சேன்.”

என் கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. “நோட்டைக் குடுங்க மாமா. திருத்தி எழுதித் தர்றேன்” என்றேன். என் குரல்தான் அது.

மாமா நோட்டை என்னிடம் நீட்டினார். மகள் கையிலிருந்த உருண்டையை வாங்கி, ஒரு கண்ணை மூடி, ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். சற்று நகர்த்தினார். கோடு தடித்தது. திரும்ப நகர்த்தினார். மெலிந்தது. மாமியின் கைகள் மாவுக்குள்ளேயே நின்றுவிட்டன.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. அவர் சொங்கோக் தொப்பியைத் தலையில் வைத்தார். மேசையிலிருந்த விண்ணப்பத் தாளை மடித்து, பேனாவோடு சேர்த்துச் சட்டைப் பையில் செருகினார். யாரையும் பார்க்காமல், மாவு உருண்டையைக் கீழே வைக்க மறந்து, அதைக் கையில் பிடித்தபடியே படியிறங்கித் தெருவில் நடந்தார்.