பாயாசம் ஆறுமுன்

தாம்பரத்தில் அந்தச் சின்னக் கண் மருத்துவமனையில் மைக்கில் பெயர் கூப்பிடும் சத்யபிரியா அன்று வரவில்லை. பதிவேடு எழுதும் ஈவ்லினிடம் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். அவர் மைக்கைத் தொட்டு முப்பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது.

யாழ்ப்பாணத்தில், பத்தொன்பது வயதில், இயக்கத்தின் ரகசிய வானொலிக்கு அவர்தான் குரல். தனிநாடு கேட்டுப் போராட வாருங்கள் என்று தினமும் மாலையில் வாசித்தார். அதைக் கேட்டுப் போன பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பவில்லை? அனகாபுத்தூர் வாடகை வீட்டில் தினமும் முழங்காலிட்டு ஆண்டவரிடம் அதைத்தான் கேட்டார். பதில் வந்ததில்லை.

யாரும் அடையாளம் காணாதபடி குரலைத் தாழ்த்தி நாலு பெயர் கூப்பிட்டார்.

"இன்னாக்கா, ரேடியோவுல பேசுற மாரியே கீது! அப்டியே ஒரு பாட்டும் போடேன்," என்றாள் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு மகளோடும் மருமகனோடும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

பின்வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்தார்.

"அக்கா, எண்பத்தாறிலை வானொலியிலை வாசிச்சது நீங்கள்தானே?"

இத்தனை காலம் பயந்த ஆள் வந்தேவிட்டார். ஈவ்லினுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம், தம்பி."

"நான் நகுலேஸ்வரன். நாங்கள் ஒரே வகுப்பிலை நாலு பெடியள். உங்கடை குரலைக் கேட்டு ஜெகன் வெளிக்கிட்டான். ஜெகன் போறான் எண்டு நாங்கள் மூண்டு பேரும் போனம். போகாட்டிப் பயந்தாங்கொள்ளி எண்டுவாங்களே. வீட்டை விட்டு ரெண்டு நாளா, பயிற்சிக்குக் கொண்டுபோற படகுக்குக் காத்துக் கிடந்தம்."

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ..."

"பொறுங்கோ அக்கா. ரெண்டாம் நாள் எனக்குப் பதினேழாவது பிறந்தநாள்."

ஈவ்லினுக்கு ஒரு கடிதம் ஞாபகம் வந்தது. காணாமல் போன மகனுக்கு ஒரு தாய் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிய பிறந்தநாள் வாழ்த்து. அம்மா, அப்பா, சித்தி, மாமா என்று உறவு முழுவதையும் வரிசையாகச் சொல்லி வாழ்த்துவது இலங்கை வானொலிகளின் வழக்கம். இயக்க வானொலியில் அதற்கு இடமில்லை. மனம் பொறுக்காமல் செய்திக்கு நடுவே அதை வாசித்துவிட்டார். பொறுப்பாளரிடம் திட்டு வாங்கியதோடு மறந்தும் போனார்.

"பாயாசம் காய்ச்சி வைத்திருக்கிறோம் எண்டு முடிச்சீங்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்கள். 'பாயாசம் ஆறுது, ஓடடா பாலகா!' எண்டான் ஜெகன். நான் எழும்பி நடந்தன். திரும்பிப் பார்த்தால் ரவீந்திரன் பின்னாலை வாறான். 'நீ போறாய், நானும் வாறன்' எண்டான். அவனுக்கு இப்ப பேரப்பிள்ளை, அக்கா."

ஈவ்லின் மைக்கைக் கீழே வைத்தார். ஒருவனைப் பார்த்து ஒருவன் போனார்கள். திரும்பியதும் அப்படியே. ஒரு கிழிந்த தாளை, அரை நிமிட இரக்கத்தை ஆண்டவர் கையில் எடுத்திருக்கிறார்.

"மற்ற ரெண்டு பேர்?"

"ஜெகனும் அமலனும் வரேல்லை."

அந்த இரண்டு பெயரையும் ஜெபத்துக்காக எழுதிக்கொண்டார்.

"எக்கா, எம்பேரு எப்ப வரும்? பேஜாரா கீது!" என்று முன்வரிசையிலிருந்து கத்தினாள் எல்லம்மா.

ஈவ்லின் பதிவேட்டைப் பார்த்து மைக்கை எடுத்தார். இம்முறை குரலைத் தாழ்த்தவில்லை.

"எல்லம்மா. உடன் வந்திருக்கும் மகள் கனகவல்லி, மருமகன் சேட்டு. உள்ளே வாருங்கள்."