ஒரு பெட்டி ஆப்பிள்

இலையுதிர் கால விருந்துக்கு யார் யார் என்ன கொண்டுவருகிறார்கள் என்று கேட்க ஊர் மன்றத்திலிருந்து போன் செய்த பெண், போன வருடத்துப் பட்டியலைப் பார்த்தே வாசித்துவிட்டாள். "பெரில், ஆப்பிள் பை." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன், "சரி, கொண்டுவரேன்" என்று சொல்லி நெவில் போனை வைத்துவிட்டார்.

மனைவி பெரில் இறந்துபோய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. நாற்பது வருடம் தெற்குக் கடலில் சூரை மீன் பிடித்தவருக்கு முட்டை அவிக்கத் தெரியும், மீன் பொரிக்கத் தெரியும், அதோடு சரி. மாவுக்குள் ஆப்பிளை வைத்துச் சுடும் அந்தப் பைக்குப் பெரில் எழுதி வைத்திருந்த செய்முறை அட்டையில் 'மாவு, வெண்ணெய், கை சொல்கிற அளவு' என்று இருந்தது. யார் கை என்று தெரியாமல் இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சனிக்கிழமை மதியம் கீத்தைக் கூப்பிட்டார். கீத் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். ஆற்றங்கரை ஷெட்டில் ஆப்பிளைத் தரம் பிரித்தே ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வரும்போதே ஒரு பெட்டி ஆப்பிளோடு வந்தார்.

"டேய், மாவு பிசையச் சொன்னா வலையைச் சுருட்டுற மாதிரி சுருட்டுறியே" என்றார் கீத். "உள்ளங்கைச் சூடு படக் கூடாது. விரல் நுனியால உதிர்த்து விடு."

"பெரிய சமையல்காரன்! நீ டப்பா சூப்பைத் தின்னே காலத்தை ஓட்டினவன்தானே?"

"அதுவும் சூடு பண்ணாம."

நெவில் சிரித்தார். அந்தச் சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. மேஜை மேல் ஆப்பிள் தோல் அறுபடாமல் நீள நீளமாக விழுந்துகொண்டிருந்தது. கீத்தின் கத்தி ஒரே சீராகப் போயிற்று. வெளியே தோட்டங்களுக்கு மேலே மேகம் இறங்கி, மழை தொடங்கியிருந்தது.

அட்டையில் அடுத்து ஜாதிக்காய் என்று இருந்தது. நெவில் மேல் அலமாரியைத் திறந்தார், கீழ் அலமாரியைத் திறந்தார். தேயிலை இருந்தது, பெரிலின் மாத்திரைகள் இன்னும் இருந்தன, ஜாதிக்காய் இல்லை. இப்போது மாவை உதிர்த்துக்கொண்டிருந்த கீத் தலையைத் தூக்கவில்லை. மாவுக் கையோடு, கைத்துண்டுகள் இருந்த இழுப்பறையை முழங்கையால் இழுத்து, துண்டுகளுக்குப் பின்னால் விரலை விட்டு ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தார். எடுத்த பிறகுதான் அவர் கை நின்றது.

"அது அங்க இருக்குன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

கீத் டப்பாவை மேஜையில் வைத்தார். "ஏப்ரல்ல, ஆப்பிள் பறிக்கிற சமயத்துல, நீ கடல்ல இருப்ப. ஷெட்ல கழிச்சுப் போட்டதுல ஒரு பெட்டி கொண்டாந்து குடுப்பேன். பெரில்தான் ஒருநாள், சும்மா போறியே, உக்காந்து தோலையாவது உரின்னா."

"எத்தனை வருஷமா?"

"பதினாலு."

"அவ என்கிட்ட சொன்னதே இல்லையே."

"நீ கேட்டிருக்க மாட்ட, நெவ்."

கேட்டதில்லைதான். மே மாதம் வீடு திரும்பினால் குளிர்பெட்டியில் பை இருக்கும். ஆப்பிளை யார் உரித்தது என்று யாராவது கேட்பார்களா? அவர் சூடு செய்து சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் தூங்குவார்.

"என்ன பேசுவீங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல. ரேடியோல கிரிக்கெட் ஓடும். அவ திட்டிக்கிட்டே கேப்பா." கீத் கையிலிருந்த மாவைத் தேய்த்து உதிர்த்தார். "ஆப்பிள் மட்டுந்தான் உரிச்சேன், நெவ்." பிறகு, யாரும் கேட்காமலே, "ஆப்பிள் மட்டுந்தான்" என்றார். இரண்டாவது முறை ஜாதிக்காய் டப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

நெவிலுக்குக் கோபம் வந்தது. அது யார் மேல் என்று பிடிபடுமுன்னே கரைந்தும் போயிற்று. அடக்கத்தன்று ஊரே வரிசையில் வந்து தன் கையைப் பிடித்தது நினைவுக்கு வந்தது. கீத் கடைசியில், வேலிப் பக்கம், மழையில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றிருந்தான். அவன் கையை யாரும் பிடிக்கவில்லை. நானுந்தான்.

பை அடுப்புக்குள் போயிற்று, பொன்னிறமாக வெளியே வந்தது. ஆறுவதற்குள் நெவில் கத்தியை எடுத்து அதைக் குறுக்கே வெட்டினார்.

"டேய், மன்றத்துக்கு?"

"கடையில வாங்கிக் குடுத்துக்கறேன்."

கீத் கோட்டை மாட்டிக்கொண்டார். "அப்ப நான் கிளம்பறேன்."

இரு என்று சொல்ல நெவிலுக்கு வாய் வரவில்லை. பாதியைக் கைத்துண்டில் சுற்றி நீட்டினார். கீத் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, படியிறங்கி மழைக்குள் போனார்.

கீத்தின் வேன் கிளம்பும் சத்தத்துக்காக நெவில் காத்திருந்தார். கேட்கவில்லை. ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார். வேன் வாசலிலேயே நின்றது. உள்ளே கீத் கைத்துண்டை மடியில் விரித்து, ஊதி ஊதி, விரலாலேயே பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். நெவில் தன் பங்கில் ஒரு விள்ளலை எடுத்து நின்றபடியே வாயில் போட்டார். நாக்கு சுட்டது. கண்ணாடியைத் தட்டலாமா என்று கையைத் தூக்கினார். வேனின் ஜன்னல் சூட்டின் ஆவி படிந்து உள்ளிருந்து மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது. முதலில் கீத்தின் தோள் மறைந்தது, பிறகு முகம்.