ஜாடிக்குழி

ஓக்புன் வீட்டு வாசலில் போதகர் பியோன் மூச்சிரைக்கக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். சுவரில் நகராட்சிக்காரன் சிவப்புச் சாயத்தில் எழுதிய ‘இடிக்கவும்’ இன்னும் பளிச்சென்றிருந்தது. இன்றைக்குத்தான் கெடு. சியோலை அழகாக்குகிறார்களாம். அந்த அழகுக்கு இடைஞ்சல், இந்த மேட்டில் குடியிருக்கும் தையல்காரிகளும் மூட்டைதூக்கிகளும், ஓக்புன் மாதிரி டோப்பாத் தொழிற்சாலையில் மயிர் கோக்கிறவர்களும். பனிக்காலத்தில் எங்கே போவது என்று போதகர் எழுதிய மனுவுக்கு, மனு கிடைத்தது என்று பதில் வந்தது.

அதற்காகக் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடாமல் இருக்க முடியுமா? இரவெல்லாம் உப்பில் ஊறிய இருநூறு கோஸ்களைச் சந்து முழுக்கப் பரப்பி, பெண்கள் மிளகாய் விழுது பூசிக்கொண்டிருந்தார்கள். ஜாடிகளை மண்ணில் புதைத்துவிட்டால் வசந்தம் வரை கவலையில்லை. வசந்தம் வரை வீடும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குமேல் ஓக்புன் கடவுளிடம்கூடக் கேட்டதில்லை.

“இடிக்க வந்தா நான் வாசல்ல படுத்துக்கறேன்மா,” என்றார் போதகர். கர்த்தர் ஏழைகளோடு குடிசையில் இருக்கிறார், அமைச்சர் வீட்டில் இல்லை என்று பிரசங்கித்து எட்டு மாதம் உள்ளே இருந்தவர்.

“அப்புறம் படுக்கலாம் போதகரே. இப்ப தோண்டுங்க. ஜெயில்ல இதெல்லாம் சொல்லித்தரலையா?”

“அங்க பயறுச் சோறு மட்டுந்தான் குடுத்தாங்க.”

பத்து மணிக்குக் கடப்பாரைகளோடு எட்டுப் பேர் மேடேறி வந்தார்கள். முன்னால் மேஸ்திரி குவாக். போதகர் சொன்ன சொல் தவறாமல் வாசலுக்குக் குறுக்கே படுத்தார். படுத்த இடத்தில் மிளகாய் விழுது. சட்டை சிவந்ததைப் பார்த்து ஒருவன், “நாங்க இன்னும் தொடவே இல்லையே,” என்று பின்வாங்கினான். பெண்கள் சிரித்தார்கள்.

ஓக்புன் சிரிக்கவில்லை. கிம்ச்சி போடும் நாளில் வாசலுக்கு வந்தவனை, அவன் யாராக இருந்தாலும், வெறும் வாயோடு நிறுத்துவது இந்த ஊரில் கிடையாது. அவித்த பன்றிக்கறியைக் கோஸ் இலையில் சுருட்டி மேஸ்திரி வாயில் திணித்தாள்.

“மெதுவா மெல்லுங்க மேஸ்திரி. உத்தரவை அப்புறம் படிக்கலாம்.”

குவாக் வெகுநேரம் மென்றார். “எங்க வீட்ல இன்னும் போடல,” என்றார். பிறகு குழியை எட்டிப் பார்த்தார். “யாரு தோண்டினது?”

போதகர் படுத்தபடியே கை தூக்கினார்.

“முழங்கால் ஆழங்கூட இல்ல. ஜனவரில ஒறைஞ்சு ஜாடி வெடிச்சிரும். படிச்சவரா நீங்க?”

“ரொம்ப,” என்றாள் ஓக்புன். பிறகு கேட்டாள், “ஜனவரில நாங்க இங்க இருப்போமா?”

மேஸ்திரி மேல்கோட்டைக் கழற்றிப் போதகர்மேல் போட்டார். மண்வெட்டியோடு குழிக்குள் இறங்கினார். தொடை மறைந்தது, இடுப்பு மறைந்தது. மண் மட்டும் மேலே வந்து விழுந்துகொண்டே இருந்தது.