தரையில் ஊன்றிய கை

பதினொரு ஆண்டுகளாக மில்வாக்கியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை முதுகுப் பக்கமிருந்து எவனையும் நெருங்கவிடாமல் காத்தவன் வென்டெல். மலை மாதிரி உடம்பு. பனி கொட்டினாலும் அரைக்கைச் சட்டையோடுதான் நிற்பான். முன்வரிசைக்காரன் முழுக்கைச் சட்டை போட்டால் மானம் போய்விடும். தன்னைத் தாண்டிப் போக எவன் இருக்கிறான் என்கிற திமிர் அவனுக்கு உண்டு. இருந்தால் என்ன தப்பு?

அன்று, பனி மூடிய களத்தில், அந்தத் திமிர் கந்தலாகிக்கொண்டிருந்தது. கில்கோர் இரண்டு முறை அவனைச் சுற்றிக்கொண்டு போய்க் குவார்ட்டர்பேக்கைச் சாய்த்துவிட்டான். போன ஆண்டு வரை இதே அணியில், பயிற்சியில் தினமும் வென்டெலோடு முட்டிக்கொண்டிருந்தவன்; இப்போது எதிரே நிற்கும் டுலூத் அணிக்காரன்.

"என்னடா கிழவா, முட்டி பிடிச்சுக்கிச்சா? போய் நாற்காலி போட்டு உக்காரு!" என்று கில்கோர் சீண்டினான்.

பயிற்சியாளர் ஹாலண்ட் வென்டெலை ஓரத்துக்கு அழைத்தார்.

"இன்னொரு தடவை அவன் உள்ள வந்தான்னா நீ வெளிய. அடுத்த வருஷமும் உன் இடத்துல வேற ஆளுதான்."

வென்டெல் களத்துக்குத் திரும்பினான். கால் நன்றாகத்தான் இருக்கிறது, பிறகு எப்படி? மறுபடி குனிந்தபோது கவனித்தான். பந்து அசையும் முன்பே, "எறியப் போறானுங்க!" என்று கில்கோர் கத்தினான். அவன் கண் வென்டெலின் முகத்தில் இல்லை, தரையில் ஊன்றிய கையில் இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. பந்தோடு ஓடும் ஆட்டமென்றால் வென்டெல் முட்டித் தள்ளுவதற்காக முன்னால் சாய்வான், விரல்கள் பனியில் புதையும். எறியும் ஆட்டமென்றால் சட்டென்று பின்வாங்க வசதியாக விரல் நுனி பட்டும் படாமலும் நிற்கும். பாவி, கூடவே இருந்து படித்திருக்கிறான்!

அன்றைய கடைசி வாய்ப்பு; பந்தைக் கோட்டுக்கு அப்பால் சேர்த்தால் வெற்றி. கோட்டுக்கு இரண்டே எட்டு; ஓடவும் செய்யலாம், எறியவும் செய்யலாம். எறிவதென்று முடிவானது.

வென்டெல் குனிந்து விரல்களைப் பனிக்குள் அழுத்தினான். முன்னால் சாய்ந்து நின்றுவிட்டுப் பின்வாங்குவது லேசல்ல. இம்மி பிந்தினாலும் கில்கோர் புகுந்துவிடுவான், அத்தோடு தன் இடம் போயிற்று. போகவிட்டால்தானே, என்று நினைத்துக்கொண்டான்.

"ஓடப் போறானுங்க!" கில்கோர் தலையைத் தாழ்த்தி உள்பக்கம் பாய்ந்தான். வென்டெல் பின்வாங்கி, அவன் பாய்ந்த திசையிலேயே ஒரு தள்ளு தள்ளினான். கில்கோர் முகங்குப்புற விழ, பந்து தலைக்கு மேலே பறந்து கோட்டுக்கு அப்பால் நின்றவன் கையில் விழுந்தது. அரங்கமே எழுந்து அலறியது.

கில்கோர் பனியைத் துப்பினான். "எப்படா மாத்தின? உன் கை ஒரு நாளும் பொய் சொன்னதில்லையேடா!"

"அதான் நம்பிட்ட." வென்டெல் அவனைத் தூக்கி நிறுத்தினான். "அடுத்த வருஷமும் இங்க நான்தான் நிப்பேன் மச்சான். வேற ஏதாச்சும் படிச்சுட்டு வா."